பேரியம் காட்டிய பருமன்

முதுநிலைப் படிப்பின் கடைசி மாதங்களில், விருதுநகரில் இருந்த எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், தோழியும் நானும் முட்டை வெள்ளைக்கருவின் புரதம் ஒன்றில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் நீண்ட இழையைப் பிணைத்தோம். இழை பூட்டிய மருந்துப் புரதம் இரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும். ஒரு புரதத்துக்கு ஓர் இழை என்பதே தோழியின் ஆய்வேட்டின் மையக் கூற்று.

எடையறியக் குரோமடோகிராபி செய்தோம். நுண்துளை மணிகள் நிரம்பிய குழாயில் சிறிய மூலக்கூறுகள் துளைகளுக்குள் புகுந்து தாமதிக்கும். பெரியவை முந்தி வெளியேறும். எடை தெரிந்த புரதங்களை ஓட்டி முன்பே வரைபடம் தயாரித்திருந்தோம். இழை பூட்டிய எங்கள் புரதமோ மிக முன்னதாக வந்ததாகக் கருவியின் படம் காட்டியது. வரைபடத்தை நம்பினால், அதில் ஐந்தாறு இழைகள் இருக்க வேண்டும்.

"பிணைப்பே தப்பு. முதல்லருந்து செய்ங்க," என்றார் பேராசிரியர்.

தோழி உட்கார்ந்துவிட்டாள். வேலை தந்த கம்பெனி, ஆய்வேட்டை முடித்துக்கொண்டு மாதப் பிறப்பில் சேரச் சொல்லியிருந்தது.

"இந்தப் படத்த விட்டுட்டு எழுதிரவா?"

எனக்கு மனம் ஒப்பவில்லை. பின்னால் யாரோ அந்த ஆய்வேட்டை நம்பி நோயாளிக்கு மருந்தளவு கணக்கிடக்கூடும்.

அவள் திடீரென்று சிரித்தாள். நாரணாபுரத்தில் அவள் வீட்டார் பட்டாசுக்குக் கிஃப்ட் பாக்ஸ் அடுக்குபவர்கள்.

"ஏ புள்ள, பாக்ஸுக்கு அடியில அட்டைய மடிச்சுக் குடுத்து உசத்துவோம். பாக்க அம்புட்டுப் பெருசா இருக்கும், தூக்குனா காத்துதான். போன தீவாளிக்கு ஒனக்குக் குடுத்ததும் அதேதான்."

"அடிப்பாவி!"

"இழையும் தண்ணியக் குடிச்சுப் பொங்கி நிக்குதோ? வெறும் இழைய மட்டும் ஓட்டிப் பாப்போமா?"

இழையின் எடை புட்டியிலேயே அச்சாகியிருந்தது. வெறும் புரதத்தின் எடையில் பாதிகூட இல்லை. குழாய் எடையைத்தான் காட்டுகிறது என்றால், இழை புரதத்துக்குப் பின்னால் வர வேண்டும். முந்தி வந்தால், குழாய் காட்டுவது எடையை அல்ல, பருமனை.

கருவியின் புறஊதா ஒளிக்கு இழை புலப்படாது. வெறும் இழையை ஓட்டி, வெளிவந்த நீரைச் சிறு சோதனைக் குழாய்களில் வரிசையாகப் பிடித்து, பேரியம் உப்பும் அயோடினும் சேர்த்தோம். மத்தாப்பில் பச்சை ஒளி தரும் அதே பேரியம்; இங்கே இழை இருக்கும் குழாயை நிறம் மாற்றிக் காட்டும். புரதம் வெளிவரும் இடத்துக்கு முந்தைய குழாய்களிலேயே பழுப்பு நிறம் படர்ந்தது.

"முந்திருச்சுடி!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

பேராசிரியர் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அப்ப ஒரே இழைதானா?"

"தெரியல சார். பிணைப்பு தப்புன்னும் இத வச்சுச் சொல்ல முடியாது," என்றாள் தோழி.

மறுபடி செய்யச் சொன்னதை அவர் கைவிட்டார். அவள் மையக் கூற்றை அடித்துவிட்டு, 'இங்கு அளந்தது பருமன். எடையை வேறு முறையில் அறிய வேண்டும்' என்று எழுதினாள். விட்டுவிட நினைத்த படத்தை முதல் பக்கங்களிலேயே வைத்தாள். மாதப் பிறப்பில் அவள் வேலையில் சேரப் பேருந்து ஏறியபோதும், எத்தனை இழை என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.