முந்நூறு மரம், இரண்டு பேர்

கிள்ளானுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் ஸ்டானிஸ்லாஸுக்கு இரண்டு வேலை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களின் பெயரைக் கூப்பிடுவார். ஒன்பது மணிக்கு மேல் அதே குரலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூப்பிடுவார். நல்ல மனுஷர்தான், பயம் வராத வரைக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் புதுத் துரை ஓர் உத்தரவு போட்டார். பரீட்சையில் கணக்குத் தவறும் பிள்ளை மறுநாளே புல்வெட்டுக்குப் போக வேண்டும். பாதிப் பேர் தவறினால் வாத்தியாரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பிள்ளைகள் கூட்டல் கழித்தலை மளமளவென்று போடுவார்கள். அதையே வாக்கியமாகச் சொன்னால் திருதிருவென்று விழிப்பார்கள். 'ஒரு வியாபாரி எட்டுக் கெஜம் பட்டு வாங்கினான்' என்று புத்தகம் தொடங்கும். கூலி லயத்தில் பட்டுத் துணியை யார் கண்டது! ஸ்டானிஸ்லாஸ் புத்தகத்தை மூடிவிட்டு, மரத்தில் பால் பிடிக்கும் மங்குகளையும் வாளியையும் கணக்குக்குள் கொண்டுவந்தார்.

"வார்த்தையப் பாத்துப் பயப்படாதீங்க. கண்ண மூடுங்க. ரப்பர்க் காட்டுல நடக்குறத அப்படியே பாருங்க. அப்புறம் போடுங்க," என்பார்.

பால்மரம் சீவும் புஷ்பவல்லியின் மகள், ஒன்பது வயது தனலெட்சுமி, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடித் திறந்தால் விடை சொல்லிவிடுவாள். அவளைப் பற்றி ஸ்டானிஸ்லாஸுக்குக் கவலையே இல்லை.

பரீட்சை நடத்த வந்தவர் துரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவளைக் கேட்டார்: "முந்நூறு மரம் சீவ ஒரு பெண்ணுக்கு நான்கு மணி நேரம் ஆகிறது. அதே மரங்களை இரண்டு பெண்கள் சீவினால் எவ்வளவு நேரம்?"

தனலெட்சுமி கண்ணை மூடினாள். "நாலு மணி நேரங்க."

"எப்படி?"

"அவங்கவங்க மரத்த அவங்கவங்கதான் சீவணும். அடுத்தவங்க மரத்தத் தொட்டா கங்காணி மிதிப்பாருங்க."

போன மாதம் காய்ச்சலில் கிடந்த தங்கையின் மரங்களில் கத்தி வைத்ததற்காகப் புஷ்பவல்லி மிதி வாங்கியிருந்தாள். ஸ்டானிஸ்லாஸும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

பரீட்சைக்காரர் சிரித்துக்கொண்டே அதைத் துரைக்கு ஆங்கிலத்தில் சொன்னார். துரை சிரிக்கவில்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்பதுபோல் வாத்தியாரைப் பார்த்தார்.

'காட்டுல அப்படித்தாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிள்ளை தப்பித்திருப்பாள். ஸ்டானிஸ்லாஸ் பிரம்பை எடுத்தார்.

"மக்கு! நான் சொல்லிக்குடுத்ததா இது?"

ஐந்தாவது அடியில் உள்ளங்கைத் தோல் கிழிந்தது. "கண்ண மூடிப் பாத்தேன் வாத்தியாரே, கண்ண மூடித்தான் பாத்தேன்," என்றாள் அவள். பாவி மனுஷன், ஆறாவதையும் போட்டார்.

மற்ற பிள்ளைகள் பெரும்பாலும் தேறிவிட்டார்கள். அவருக்கு வேலை நிலைத்தது. மறுநாள் பெரட்டில் அவரே அவள் பெயரைக் கூப்பிட்டார். துணி சுற்றிய கையைத் தூக்கினாள். கங்காணி சின்னையா அந்தக் கையிலேயே புல்வெட்டுக் கத்தியைத் திணித்தார்.

"ஆளுக்கு ஒரு நிரைப் புல்லு. இருமல்காரி பவுனம்மாளோட நீ போ. ரெண்டு பேரு, சாயங்காலத்துக்குள்ள ரெண்டு நிரை."

தனலெட்சுமி கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு வாத்தியாரிடம் திரும்பினாள். "அந்த அக்காவால குனியவே முடியாது. எனக்குக் கை இப்படி. இந்தக் கணக்கு சரியா வாத்தியாரே?"

ஸ்டானிஸ்லாஸ் பெயர்ப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சரிதான்," என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.