வஜிஹா மிஸ்ஸின் இழுவை வட்டம்

வஜிஹா மிஸ் வகுப்புக்குள் சட்டென்று நுழைய மாட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பிள்ளைகளின் கால்களைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நிற்பார். எந்தக் கால் ஆடுகிறது, எது மடங்கிக் கிடக்கிறது என்று பார்த்த பிறகே உள்ளே போவார். நான் இங்கே ஆயாவாகச் சேர்ந்த நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன்.

ஓசூரில் எங்களுடையது சின்னப் பள்ளிக்கூடம். பெரும்பாலும் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். காது கேட்காத ஸோயாவும், சக்கர நாற்காலியில் வரும் ஃபைஸானும் மற்றவர்களோடு சேர்ந்துதான் பாட்டு வகுப்பில் இருப்பார்கள்.

ரூபா மட்டும் அங்கே ஒட்டவில்லை. சானமாவுக் காட்டோரத்து ஊர்ப் பெண், பேச்சு வராது. மிஸ் டிரம்மைத் தட்டியதும் ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்துவாள், விளக்கை அணைப்பாள், பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பொத்துவாள். ஒருநாள் நகம் பட்டு ஸோயாவின் உதடு கிழிந்துவிட்டது. தலைமை ஆசிரியை ரூபாவின் அம்மா சாந்தம்மாவை வரச்சொன்னார்.

"அடுத்த வாரமும் இப்படின்னா, கிருஷ்ணகிரியில ஹாஸ்டல் ஸ்கூல்ல சேத்துடுங்கம்மா. எங்களால முடியாது."

"என்னை விட்டா அது சோறே தின்னாதுங்க மேடம்" என்று சாந்தம்மா அழுதார்.

பக்கத்தில் நின்ற வஜிஹா மிஸ் மெதுவாகக் கேட்டார். "வீட்லயும் ஜன்னல் சாத்துவாளா?"

"டப்பா அடிச்சா சாத்துங்க மிஸ். ராகிக் கொல்லையில ஆனை எறங்கிட்டா ஊர்ல டப்பா அடிப்பாங்கள்ல? லைட்ட அணைச்சு, தம்பி வாயப் பொத்தி, மூச்சுக் காட்டாம உக்காந்துக்கும். வீட்ல அது வேலைங்க அது. சுத்தமா செய்யும்."

மிஸ் தலைமை ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தார். "இத்தன நாளா நான்தான் அவளுக்கு ஆனைய வரவச்சிருக்கேன்" என்றார்.

டிரம் பீரோவுக்குள் போயிற்று. கார்மெண்ட்ஸ் துணிகளில் இடுப்புக்கு வைத்துத் தைக்கும் எலாஸ்டிக்கை வாங்கி, மேலே பூப்போட்ட துணி வைத்து, பெரிய வட்டமாகத் தைத்துக்கொண்டு வந்தார். வேன் ஓட்டும் திம்மராயன் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"யார் இடுப்புக்கு மிஸ் இது?"

"உங்களுக்குத்தாண்ணா. தொப்பை இன்னும் வளந்தா சொல்லுங்க, ஒட்டுப்போட்டுத் தரேன்."

பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து வட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மிஸ் பாடப்பாட, எல்லோரும் பின்னால் சாய்ந்து இழுத்தார்கள், முன்னால் சாய்ந்து தளர்த்தினார்கள். பிரேக் எடுத்த ஃபைஸானின் நாற்காலி முன்னும் பின்னும் உருண்டது. தாளம் ஸோயாவின் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. அவள் கொஞ்சமும் பிந்தவில்லை.

ரூபா சுவரோரம் நின்றிருந்தாள். ஜன்னல் பக்கம் போகவில்லை. மெல்ல வந்து ஸோயாவுக்கும் ஃபைஸானுக்கும் நடுவில் உட்கார்ந்து வட்டத்தைப் பற்றினாள். பிறகு, மிஸ்ஸின் தாளத்தை விட்டுவிட்டு, தன் போக்கில் நிதானமாக இழுத்தாள். அவள் இழுத்ததற்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த பையனும் அசைந்தான். கொஞ்சங்கொஞ்சமாக வட்டம் முழுவதும் அவள் கைக்கு வந்தது. மிஸ் பாட்டை நிறுத்தி, அவள் இழுப்புக்கு ஏற்ப முதலிலிருந்து பாடினார். வாய் திறக்காத ஒரு குழந்தை, அத்தனை பேரையும் பாடவைத்தாள்.

தலைமை ஆசிரியை கதவருகே நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. "சாந்தம்மாவுக்குப் போன் போட்டு, ஹாஸ்டலெல்லாம் வேணாம்னு சொல்லுங்க" என்றார்.

ரூபா இப்போது மூன்றாம் வகுப்பு. இன்னும் பேசவில்லை. தினமும் அம்மாவோடு பஸ்ஸில் வருகிறாள், சாயங்காலம் அம்மாவோடு வீட்டுக்குப் போகிறாள்.