ஸ்கேல் மாறிய பாட்டு

முதலியார்பேட்டையில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. ஜி, சி, டி, ஈ மைனர் என்ற நான்கு கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளை, வைத்தே பல வருஷம் ஓட்டிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை ஒத்திகையில், முன்னால் நின்று பாடும் பெண்ணுக்குக் குரல் மேலே ஏறவில்லை. அவளுக்கு எட்டாம் மாதம்.

"மூச்சு வாங்குதுக்கா. கொஞ்சம் எறக்கிக்கலாமா?"

கீபோர்டு வாசிக்கும் தம்பி, "ஈ-ல போலாம். ஒன்னு, ஆறு, நாலு, அஞ்சு" என்றான். எல்லோரும் தொடங்கினார்கள். ஈ ஸ்கேலுக்கு என்னென்ன கார்டு என்று தெரியாமல் என் கை மட்டும் கம்பிமேல் அப்படியே நின்றது.

"இந்தப் பாட்டுக்கு நீங்க சும்மா இருங்கக்கா, பரவால்ல."

அன்பாகத்தான் சொன்னான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒத்திகை முடிந்ததும் வாசலில் அவனை நிறுத்தினேன்.

"அந்த நம்பர் கணக்கைச் சொல்லிட்டுப் போ."

"எந்த ஸ்கேலோ, அதோட மொதல் சுரம் ஒன்னு. அங்கேர்ந்து எண்ணுங்க. ஒன்னு, நாலு, அஞ்சு மேஜர். ஆறு மைனர். பாட்டை நம்பரா ஞாபகம் வெச்சிக்கிட்டா எந்த ஸ்கேல்லயும் வாசிக்கலாம்."

ஜி-யிலிருந்து எண்ணினேன். சி நாலாவது, டி ஐந்தாவது, ஈ மைனர் ஆறாவது. இத்தனை நாளும் இதைத்தான் தெரியாமல் வாசித்திருக்கிறேன்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. வேலை முடிந்து திரும்பும் பஸ்ஸில் ஈ ஸ்கேலை விரல்விட்டு எண்ணினேன்: ஈ, எஃப், ஜி, ஏ, பி, சி. வீட்டுக்கு வந்து ஆறாவதாகச் சி மைனரைப் பிடித்தால் காதில் நாராசமாக விழுந்தது. எழுத்துகளை எண்ணியதுதான் தப்பு. ஒரே கம்பியில் வாசித்துப் பார்த்தபோது விளங்கியது; சுரங்களுக்கு நடுவே இடைவெளி ஒரே அளவில்லை. கிட்டார் கழுத்திலுள்ள ஃப்ரெட் கட்டைகளில் இரண்டு தாண்ட வேண்டும், பிறகு இரண்டு, ஒன்று, மறுபடி இரண்டு, இரண்டு. அப்படிப் போனால் ஆறாவது, சி ஷார்ப் மைனர். ஆள்காட்டி விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்கவைத்து அழுத்த வேண்டும். விரல் கன்றிப்போனது.

"இன்னிக்கு இது போதுமே" என்றார் வீட்டுக்காரர்.

"வராம விடமாட்டேன்."

அடுத்த வாரப் பூசையில் அந்தப் பெண் சுருதிக்குக் காத்திராமல் தானே பாட ஆரம்பித்துவிட்டாள். ஈ-யும் இல்லை, இன்னும் கீழே. கம்பியைத் தட்டித் தேடினேன். டி. அப்படியென்றால் ஆறாவது பி மைனர், நாலாவது ஜி, ஐந்தாவது ஏ. பி மைனரில் ஒரு கம்பி மழுங்கித்தான் ஒலித்தது. ஆனால் கார்டு சரி. தம்பியின் கீபோர்டு என் கார்டுகளைப் பின்பற்றிச் சேர்ந்துகொண்டது.

பூசை முடிந்ததும் தம்பி, "ரெண்டாவது, மூணாவது கார்டையும் சொல்லித் தரட்டுமாக்கா?" என்றான்.

"ரெண்டுமே மைனர்" என்றேன். "பாத்துட்டேன்."