பாலுக்குக் கேட் பாஸ்

எனக்கு வயது அறுபத்தெட்டு. ஐந்து பெற்று நான்கை வளர்த்து ஆளாக்கியவள். அப்படிப்பட்டவள் இந்த ஓசூர் வீட்டில் ஒரு காப்பி போட வேண்டுமென்றால், ஃபிரிட்ஜைத் திறந்து, இது யாருடைய பால் என்று கேட்க வேண்டியிருக்கிறது. தோசை மாவுக்குப் பக்கத்தில் பாக்கெட் பால். மேல்தட்டில் சின்னச் சின்னப் புட்டிகளில் என் மகள் செல்வியின் பால். பேரனைப் பார்த்துக்கொள்ளத் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்த புதிதில், அதில் ஒரு புட்டியை எடுத்து அடுப்பில் வைக்கப் போய்விட்டேன். “அம்மா, அது என்னோடது!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள் செல்வி. ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன்.

செல்விக்குக் கெலமங்கலம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை. வயர்களை இணைத்துச் சோதித்து அனுப்பும் வேலை. பேறுகால லீவு முடிந்து போனபோது, பம்ப் என்று ஒரு சாமானையும் பையில் எடுத்துப் போனாள். இடைவேளையில் அங்கேயே பாலை எடுத்துப் புட்டியில் அடைத்து, ஐஸ் வைத்த பையில் கொண்டு வருவாள். மறுநாள் பகலில் நான் அதைப் பேரனுக்குப் புகட்டுவேன்.

“மாட்டக் கறக்குற மாரி இருக்குடி” என்றேன்.

“மாடு ஷிப்டுக்குப் போவுதாம்மா?” என்றாள்.

நான் நடவுக்குப் போனவள். பிள்ளையை வரப்பில் ஒரு மரத்தடித் தூளியில் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்குவோம். அது ஒன்றும் சொர்க்கம் இல்லை. எங்களை வேலை வாங்கும் காரியக்காரர் வாயைத் திறந்தால் காது கூசும். மழை வந்தால் அரைக்கூலிதான். ஆனால் தூளியில் அழுகை கேட்டால், பக்கத்தில் நட்டுக்கொண்டிருப்பவள் என் நாற்று முடிச்சையும் சேர்த்து வாங்கிக்கொள்வாள். காரியக்காரர்கூட வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். மார் கட்டிப்போனால் பாலைப் பீய்ச்சி ஒரு செடியின் வேரில் விடுவோம். கால் மிதிக்கிற இடத்தில் சிந்தவே கூடாது. எந்தச் சாதிக்காரியானாலும் இதை மீறி நான் பார்த்ததில்லை.

ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து செல்வி வெறும் பையோடு இறங்கினாள். முகம் கறுத்திருந்தது. உள்ளே ஏதோ எண்ணெய் திருட்டுப் போய்விட்டதாம். அதனால் புட்டியில் எது வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும் என்று அன்றைக்குப் புது உத்தரவு. பால் என்று இவள் சொல்லியிருக்கிறாள். கேட்டில் இருந்தவன் மூடியைத் திறந்து மூக்கில் வைத்துப் பார்த்தான். அடுத்தவனையும் கூப்பிட்டு முகரச் சொன்னான். பின்னால் வரிசையில் ஆண்பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். பாஸ் இல்லையென்றால் கொட்டிவிட்டுப் போ என்று சொல்லிவிட்டான்.

“எங்கடி கொட்டுன?” என்று கேட்டேன்.

“கை கழுவுற தொட்டியிலம்மா” என்றவள், மருமகனுக்குப் போன் போட்டு, வரும்போது பால் பவுடர் டப்பா ஒன்று வாங்கி வரச் சொன்னாள்.

டப்பா விஷம் என்று நான் சொல்ல மாட்டேன். எதிர்வீட்டு நூர்ஜஹானுக்குப் பால் சுரக்கவில்லை. இரட்டைப் பிள்ளைகளை டப்பாவிலேயே வளர்த்தாள். “ரெண்டும் டப்பா குடிச்சதுங்கதான் பெரீம்மா. முடிஞ்சா ஓடிப் புடிங்க பாக்கலாம்” என்பாள். பால் இல்லாமல் டப்பாவுக்குப் போவது ஒரு கதை. சுரக்கிற பாலை எவனோ முகர்ந்து பார்த்தான் என்பதற்காகப் போவதா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் பேரனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறி அந்தக் கேட்டுக்கே போனேன். காவல்காரன் கன்னடக்காரன். என்னை மேலும் கீழும் பார்த்தான். “ஏன் அஜ்ஜி, கெலசம் கேக்க வந்தீங்களா? வயசானவங்கள எடுக்கறதில்ல” என்றான்.

“வேலை ஒனக்கே இருக்கட்டும். எம் மவளக் கூப்புடு.”

செல்வி தலையில் குல்லாவோடு வந்தாள். கூடவே எச்.ஆர். மேடம் என்று ஒரு சின்னப் பெண், கழுத்தில் அட்டை தொங்க வந்தாள். தாயைக் கண்டதும் பேரன் வீறிட்டான். செல்வி வேறு வழியில்லாமல் அவனை வாங்கிக்கொண்டு, காவல்காரன் அறைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள்.

“ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் ஆன்ட்டி. ஆயில் திருட்டுப் போயிருக்கு” என்றது அந்தப் பெண்.

“எம் மவ மார்ல ஆயிலா வருது?”

காவல்காரன் சிரித்துவிட்டான். நான் விடவில்லை. “இந்தா குடிக்கிறானே, இவன் வயித்துல வச்சி வெளிய எடுத்துட்டுப் போறானே, இதுக்கும் சீட்டு எழுதுவியா? எழுது. என்ன சாமான், எந்த மிஷின்ல செஞ்சது, எல்லாம் எழுது.”

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டது. இரண்டு நாளில் செல்வி பெயரில் ஒரு பாஸ் கொடுத்துவிட்டார்கள். தினமும் காட்டி முத்திரை வாங்க வேண்டும். மூடியை மட்டும் ஒருமுறை திறந்து காட்ட வேண்டும். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் செல்வி பம்பைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினாள்.

“அதான் சீட்டுக் குடுத்துட்டாங்களேடி!”

“நீங்க சண்டை போட்டுட்டு ஆட்டோவுல ஏறிட்டீங்க. தெனம் அவன் மூடியத் தொறக்கறப்ப நிக்கப் போறது நானு. பகல்ல டப்பா, ராத்திரிக்கு நான். இது நான் எடுத்த முடிவும்மா. இதுல நீங்களும் வராதீங்க, கம்பெனியும் வர வேணாம்.”

இப்போது பவுடரை வெந்நீரில் கரைப்பது நான்தான். ஊரிலிருந்து என் நாத்தனார் போனில், “நீ கூட இருந்துமா அண்ணி டப்பா பாலு?” என்று இழுத்தாள். “ஏன், ஒன் வூட்டுப் பாலையா கொட்டிட்டோம்? வையி போன!” என்று வைத்துவிட்டேன். அங்கே பேசும்போது நான் டப்பாவின் பக்கம். இங்கே அந்தக் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் தாய்ப்பாலின் பக்கம். எந்த ஊரிலும் எனக்குச் சண்டை ஓயவில்லை.

மத்தியானம் பேரன் பசித்து அழுகிற நேரத்தில், அங்கே மிஷின் முன்னால் செல்விக்கும் மார் கட்டிக்கொள்கிறதாம். சட்டைக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பால் அங்கே துணியில் ஊறுகிறது. இங்கே என் மடியில் பிள்ளை புட்டியைச் சப்புகிறான். நடுவில் ஒரு கேட்.

நான் சொல்லச் சொல்ல இதையெல்லாம் எழுதியது செல்வியின் மூத்த மகள், ஏழாவது படிக்கிறாள். போதும் கண்ணு, இப்ப படி. சத்தமா படி, உங்கம்மா உள்ளதான் இருக்கா, கேக்கட்டும். அவளப் பத்தி எழுதுனதுல வேணாங்குறத அடிச்சிடு. அந்தக் கேட்டப் பத்தி எழுதுனதுல ஒரு எழுத்து அடிக்கக் கூடாது.