பீநாறி மரத்தடியில் ஒரு சோற்றுப் பொதி

காய்ச்சல் ஒன்று வந்து போனபோது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வெளியே பார்த்தால் மூக்கு பழைய இடத்தில், பழைய பெரிய அளவிலேயே இருந்தது. மணம் மட்டும் பிடிபடவில்லை.

எனக்கு மரம் பார்க்கிற தொழில். கந்தளாய்க்கு அப்பால் உள்ள மலைக்காட்டில் எந்த மரத்தோடு எந்த மரம் சேர்ந்து வளர்கிறது என்று பதிகிற குழுவில் பெயர் சொல்கிறவன் நான். அந்தக் காட்டுக்கு இரண்டு குணம். ஓடைப் பள்ளத்து ஈரத்தில் வீரையும் கருங்காலியும் எந்நாளும் பச்சையாக நிற்கும். மேட்டில் முதிரையும் இலவும் வறட்சி வந்தால் இலையைக் கொட்டிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் பாதி அடர்த்தி, பாதி மொட்டை. என் தலையை யாரோ மலைமேல் கொண்டுபோய் வைத்தது போலிருக்கும்.

இலை உள்ள மரத்தை இலையைப் பார்த்துச் சொல்லலாம். மொட்டை மரத்துக்குப் பட்டையை நகமளவு சீவி மணக்க வேண்டும். நானும் சீவினேன், மணந்தேன், ஞானி மாதிரிக் கண்ணை மூடினேன். பிறகு கீழே கிடந்த சருகைக் களவாகப் பார்த்துப் பெயர் சொன்னேன்.

காட்டில் சமாளித்தது வீட்டில் பலிக்கவில்லை. துறைமுகத்துப் பக்கம் ஓர் அறையில் தனியாக இருக்கிறேன். நேற்றைய மீன்குழம்பு பழுதாகிவிட்டதா, அல்லது நானே பழுதாகிவிட்டேனா என்று சொல்ல அங்கே ஆளில்லை. அதனால் குழம்புச் சட்டியோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டத் தொடங்கினேன். கிண்ணியாவிலிருந்து வந்து மீன் வியாபாரம் செய்யும் முஸ்லிம் அண்ணர் ஒருவர் அங்கே குடும்பமாக இருக்கிறார். நான் அவரை நானா என்பேன்.

"நானா, இதை ஒருக்கா மணந்து பாருங்கோ."

அவர் குனிந்து மணந்தார். "குழம்பு நல்லாத்தான் இரிக்கு. உங்கட சேட்டுத்தான் பழுதாப் போச்சு. கழட்டி ஊறப்போடுங்க."

குசினிக்குள் அவர் மனைவி சிரிப்பது கேட்டது. கதிரை வந்தது, தேத்தண்ணி வந்தது. பிறகு அது வழக்கமாகிவிட்டது.

ஒரு மத்தியானம் காட்டு மேட்டில், முதுகு சாய வசதியான வேருள்ள ஒரு மொட்டை மரத்தடியில் சோற்றுப் பொதியை அவிழ்த்தேன். மற்றவர்களைக் கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. எங்கள் குழுத் தலைவி தூரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, அது பீநாறி! பூத்துக் கிடக்கு! அதுக்குக் கீழ இருந்து என்னெண்டு சாப்பிடுறியள்?"

பெயரிலேயே முழு விவரத்தையும் வைத்திருக்கிற மரம். அண்ணாந்து பார்த்திருந்தால் பூவாவது தெரிந்திருக்கும். நான் சோற்றைத்தான் பார்த்தேன்.

உண்மையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "இலை துளிர்க்கிறதுக்குள்ள மணம் திரும்பாட்டி, பேர் சொல்ல வேற ஆளைத்தான் பாக்கவேணும் அண்ணை. அதுவரைக்கும் பீநாறியளைச் சுத்தி நீங்களே அளவுங்கோ. எங்களுக்கு அங்க நிக்க ஏலாது."

அப்படித்தான் எனக்கென்று ஒரு தனிக்காடு கிடைத்தது. அடிமரத்தில் நாடாவைச் சுற்றி அளந்துவிட்டு, அளவை எனக்கே உரத்துச் சொல்லிக்கொள்வேன். தூரத்தில் மற்றவர்கள் சிரித்தபடி சாப்பிடுவது கேட்கும். என் சிரிப்பை ஈக்கள்தான் கேட்டன.

ஒருநாள் நாடாவைச் சுற்றும்போது, செத்த எலியின் நினைவு போல ஏதோ ஒன்று மெல்ல வந்தது. மூச்சை இழுத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினேன்.

"தங்கச்சி! நாறுது! நாறுது!"

"ஓமண்ணை, பீநாறி நாறும்தானே!"

பிறகுதான் அவளுக்கு விளங்கியது. ஓடி வந்து, என் கண்ணைப் பொத்தி, ஒரு பட்டைத் துண்டை மூக்கில் வைத்தாள்.

"முதிரை," என்றேன்.

"சரி. இனி மனுசரோட இருந்து சாப்பிட வாங்கோ."

வேலை கைவிட்டுப் போகவில்லை. அன்று அறையைத் திறந்ததும் ஈரத் துவாய், பழைய வெங்காயம், நான் என்று எல்லாமே மணத்தன. குழம்பை வைத்தேன். புளியும் வெந்தயமும் கதவுவரை வந்தன. சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நானா வீட்டில் ஏதோ கதை நடந்துகொண்டிருந்தது. சோறு இறங்கவில்லை.

சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தட்டினேன்.

"நானா, இதை ஒருக்கா மணந்து பாருங்கோ."

"நல்லாத்தான் இரிக்கு."

"அவசரப்படாதேங்கோ, வடிவா மணந்து சொல்லுங்கோ," என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.