முதல் சோற்றுக்கு நான் வைத்த வேண்டுதல்

எங்கள் பதின்மூன்று மாதக் குழந்தை காளீஸ்வரி தலை நிற்காமல் என் தோளில் சாய்ந்து கிடந்தாள். உள்ளங்கை வெளுத்துப் போயிருந்தது. போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திண்டிவனத்திலிருந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவன் நான்தான். அதை மறைத்துவிட்டு அம்மனின் கருணையைப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

எங்கள் மூத்தவன் கதிர் எட்டு மாதத்தில் வயிற்றுப்போக்கில் போய்விட்டான். அதனால் காளீஸ்வரி பிறந்ததும் திருவக்கரை அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். இவளையாவது விட்டு வை தாயே, முதல் சோறு உன் சந்நிதியில்தான் ஊட்டுவேன் என்றேன். அவளுக்கு ஐந்து மாதம் ஆனபோது என் அப்பா இறந்தார். எங்கள் வழக்கப்படி ஒரு வருஷம் கோயிலுக்குப் போகக் கூடாது. அதுவரை தாய்ப்பால் போதும் என்று நானே முடிவு கட்டினேன்.

என் மனைவி செல்வி கெஞ்சினாள். "யாராவது சாப்ட்டா புள்ள அவங்க வாயையே பாத்துக்கினு இருக்குதுங்க. ரெண்டு வாய் கேப்பக் கஞ்சியாவது குடுக்கறேன்."

"பெரியவன் போனது மறந்துபோச்சா?" என்றேன். அவள் வாயை அடைக்க அந்த ஒரு வார்த்தை போதும் என்று எனக்குத் தெரியும். என் பிடிவாதத்தைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். "ஆறு மாசத்துக்கு மேல பால் மட்டும் பத்தாதுங்க. பாலோட சாப்பாடும் ஊட்டணும்," என்றார் நர்சம்மா. ஊட்டினால் வாக்குத் தவறும். ஊட்டாவிட்டால் பிள்ளை போய்விடும். வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று வாய்விட்டு அழுதேன். "தாயே, எனக்கு ஒண்ணும் புரியல. நீயே யார் மூலமாவது சொல்லு."

பக்கத்துக் கட்டிலில் தன் பிள்ளையை வைத்திருந்த மரக்காணம் பக்கத்து மீனவப் பெண் அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"அண்ணே, வேண்டுதலுக்கு அவ காத்துக்கினு இருப்பா. பசிய வெச்சிக்கினு புள்ள எத்தினி நாளு காத்திருக்கும்?"

தன் பிள்ளைக்கு வைத்திருந்த கேப்பைக் கஞ்சியில் பாதியைச் செல்வியிடம் கொடுத்தாள். காளீஸ்வரி முதல் வாயைத் துப்பினாள். இரண்டாவதை விழுங்கினாள். மூன்றாவதற்குத் தானே வாயைத் திறந்தாள். அம்மன் பதில் சொல்லிவிட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் நர்சம்மா இன்னொன்றும் சொன்னார். வயிற்றுப்போக்கு வந்தால் பாலை நிறுத்தக் கூடாதாம். உப்பு சர்க்கரைக் கரைசலும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். கதிருக்கு நாங்கள் இரண்டு நாள் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. குடித்தால் இன்னும் போகும் என்று நினைத்தோம். அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று இத்தனை நாள் அவள்மேல் பழி போட்டிருந்தேன்.

பஸ்ஸில் செல்வி மெதுவாகச் சொன்னாள். "அவனுக்கும் அம்மன் யாரையாவது அனுப்பிச்சிருப்பா. நாமதான் யாரையும் கேக்கல."

இன்று காளீஸ்வரி எங்கள் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே, ஓடி விளையாடுகிறாள். அங்கன்வாடிக்கு நானே கூட்டிப் போகிறேன். என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று விசாரிக்க வெட்கப்படுவதில்லை.

அம்மனை நம்புகிறவர்களே, உங்கள் பிள்ளைக்காக அவளிடம் அழுங்கள். அவள் கைவிட மாட்டாள். ஆனால் வேளா வேளைக்குப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு அழுங்கள், விஷயம் தெரிந்தவர் சொல்வதற்குக் காது கொடுங்கள். கதிருக்காக நான் அதைச் செய்யவில்லை.