மாமி கட்டிய புடவை

என் மாமா நெய்த புடவைகளைக் கட்டிக்கொண்டு எத்தனையோ ஊர்ப் பெண்கள் மணமேடை ஏறியிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவர் சொந்த அக்காள் மகளுக்கு, இன்னொருத்தி கட்டிப் பழகிய புடவையைச் சீராகக் கொண்டுவந்தார். அதை ஊரறியப் போட்டு உடைத்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் அதிகம் பேசமாட்டாள். பேசினாலும் ஒன்றிரண்டு வார்த்தை, அதுவும் சுவரைப் பார்த்து. புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு பொழுதெல்லாம் உட்கார்ந்திருப்பாள். அவள் இல்லாத நேரம் பார்த்து நான் ஒரு கொட்டையை இடம் மாற்றி வைத்தால், வந்ததும் கண்டுபிடித்துவிடுவாள். இன்றைக்கு டாக்டர்கள் இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொல்கிறார்கள். அறுபதுகளின் கடைசியில் எங்கள் கூரம் கிராமத்தில் இதற்குப் பெயர் கிடையாது. நல்லவர்கள் அவளை அமைதியான பொண்ணு என்றார்கள். மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பது எங்கள் காதில் விழாமல் அம்மா பார்த்துக்கொண்டாள்.

அக்காவுக்குப் புதுத்துணி ஆகாது. தீபாவளிக்கு எடுத்த பாவாடையை நாலைந்து மாதம் ஊறவைத்துத் துவைத்த பிறகுதான் தொடுவாள். எனக்கு ஆறு வயதில், அவளுடைய மஞ்சள் நீராட்டின்போது, மொடமொடவென்றிருந்த பட்டுப்பாவாடையைக் கட்டப்போனதும் அலறிக்கொண்டு ஓடி நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. வந்தவர்கள் வெறும் மனைப்பலகையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பேச்சு ஓய ஒரு வருடம் ஆயிற்று.

மூன்று வருடம் கழித்து அவளுக்குப் பதினாறு முடியவிருந்தது. பிறந்தநாளன்று தாய்மாமன் கையால் முதல் பட்டுப்புடவை கொடுத்து, சொந்தக்காரர்கள் முன்னால் மனையில் உட்காரவைக்க வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அம்மாவுக்கு உள்ளூர நடுக்கம். "இந்தத் தடவையும் ஓடிட்டான்னா, இனிமே எந்த நல்லது கெட்டதுக்கும் அவள சபைல உக்கார வெக்கமாட்டேன்" என்று மாமாவிடம் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்ன காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளில் வந்த மாமா, ஒரு பையிலிருந்து ஏழெட்டுத் துண்டுத்துணிகளை எடுத்து அக்காவின் முன்னால் பரப்பிவிட்டு, எதுவும் கேட்காமல் உட்கார்ந்துகொண்டார். சரிகை வைத்த துண்டுகளைப் பார்த்ததும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அக்கா அவற்றை ஒவ்வொன்றாக விரல் நுனியால் தள்ளிவிட்டாள். கடைசியில் சாயம் வெளுத்த ஒரு மாந்தளிர் நிறத் துண்டை எடுத்து, விரல்களுக்கு நடுவே தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது மாமியின் கிழிந்த பழைய பட்டுப்புடவையிலிருந்து வெட்டியது. மாமா கிளம்பும்போதும் அவள் அதைத் தரவில்லை. கேட்கவே தெரியாத என் அக்காவிடம் என்ன வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். அன்றைக்கு எனக்கு அது ஏதோ துணி விளையாட்டாகத்தான் பட்டது.

அரைப்பரீட்சை லீவுக்கு மாமா வீட்டுக்குப் போனேன். தறியில் மாந்தளிர் நிறத்தில் ஒரு புடவை ஓடிக்கொண்டிருந்தது. பொட்டுகூடச் சரிகை கிடையாது. தறியிலிருந்து அறுத்து இறக்கிய மறுநாளே மாமி அதைக் கட்டிக்கொண்டு சமையல் செய்தாள், மாவாட்டினாள். சாயங்காலமானால் பூந்திக்கொட்டை நுரையில் அலசி நிழலில் உலர்த்தினாள். மறுநாள் காலையில் திரும்பவும் அதே புடவை. பட்டுப்புடவையை எங்கள் பக்கத்தில் கல்யாணம் கார்த்திகைக்குத்தான் வெளியில் எடுப்பார்கள்.

"இன்னா மாமி, பட்டக் கட்டிக்கினு மாவாட்டறீங்க?" என்று கேட்டேன்.

"உங்க மாமா கட்டச் சொன்னாரு, கட்டிக்கினு கீறேன். அவரப் போயிக் கேளுமா" என்று சிரித்தாள்.

நான் கேட்கவில்லை. பெண்டாட்டி மேல் உள்ள ஆசையில் அக்காள் மகளை மறந்துவிட்டார் என்று நானே முடிவு கட்டி, லீவு முடியும் வரை மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறந்தநாள் வந்தது. மாமா மேளத்துக்குச் சொல்லவேண்டாம் என்று தடுத்திருந்தார். கூடம் நிறைய ஜனம். வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு மாமாவும் மாமியும் தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். மேலே மூடியிருந்த துணியை எடுத்தார்கள். உள்ளே அதே மாந்தளிர்ப் புடவை.

"ஐய, இது மாமி கட்டுன புடவ" என்றேன். கூடத்துக்கே கேட்டது.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, தட்டை இழுத்துப் புடவையைத் தடவிப் பார்த்தாள். புதுப்பட்டின் விறைப்பு அதில் துளிகூட இல்லை. "கோடித் துணி எடுக்க வக்கில்லாமயா கட்டுன துணியக் கொண்டாந்தீங்க? எங்க வூட்டுப் பொண்ணு இன்னா கேக்க நாதியத்தவளா?"

"ஆமாங்க, இருவது நாளா என் வூட்டுக்காரி கட்டித் துவச்ச புடவதான்" என்றார் மாமா. "புதுசு கொழந்தைக்குக் குத்துது. நான் இன்னா பண்றது?"

அம்மாவின் முகம் செத்துப்போயிருந்தது. அப்பா கூரையைப் பார்த்தார். அப்போது உள்ளறையிலிருந்து அக்கா தானாக வந்தாள். யாரையும் பார்க்காமல் நேரே தட்டுக்குப் போய்ப் புடவையை எடுத்துத் தலைப்பை விரல்களுக்கு நடுவே தேய்த்தாள். கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்து, "கட்டு" என்றாள்.

அம்மா அவளை உள்ளே கூட்டிப்போய்க் கட்டிவிட்டாள். அக்கா வந்து மனையில் உட்கார்ந்தாள். சந்தனம் பூசினார்கள், அட்சதை போட்டார்கள். அவள் முந்தானையைத் தேய்த்துக்கொண்டே கடைசி வரை உட்கார்ந்திருந்தாள். ஆரத்தி எடுக்க முதலில் எழுந்தவளும் அத்தைதான். மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள் என்றுகூடச் சொன்னாள்.

பந்தி நடக்கும்போது அம்மாவைக் காணவில்லை. தேடிப்போனால் சமையற்கட்டு மூலையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். எல்லாம் என் வாயால் வந்த வினை. பக்கத்தில் போய் நின்று, "அழாதம்மா, நான் பெரியவளாயி வேலைக்குப் போயி அக்காவுக்குப் புதுப் புடவ வாங்கித் தரேன். யாருமே கட்டாத புடவ" என்றேன்.

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "வாங்கும்மா. வாங்கி, ஒரு மாசம் நீ கட்டிட்டு அப்பறமா அவளுக்குக் குடு" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாயோ சிரிக்கிறது.

அவமானம் தாங்காமல் அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்து, மாமாவைக் கூட்டிவர ஓடினேன்.